கூண்டுக்கு எதிரே நின்ற பெட்டை

என் தம்பிக்கு இளைப்பு வந்துவிட்டால் அம்மா டாக்டருக்கு முன்னால் மாமாவுக்குத்தான் சொல்லி அனுப்புவாள். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் வேலைக்கு மாத்திரை, டானிக் எல்லாம் இலவசம். ஆனால் நெஞ்சுச் சளி கவுதாரி சூப்புக்குத்தான் கரையும் என்பது அம்மாவின் கட்சி. அந்தக் கட்சியின் ஒரே தொண்டர் நசரத்பேட்டையிலிருந்த அவளுடைய தம்பி. மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே சைக்கிளில் வந்து நிற்பார். கேரியரில் துணி போர்த்திய மூங்கில் கூண்டு இருக்கும்.

கூண்டுக்குள் அவருடைய வளர்ப்புக் கவுதாரி. குஞ்சாக எடுத்துவந்து, கறையான் ஊட்டி, கையாலேயே ஆளாக்கிய சேவல். மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வருகிறவளுக்கு இதில் பாதி உபசாரம் நடந்தால் போதும் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

ஏன் பொங்கலுக்குப் பிறகுதான் வேட்டை என்று ஒருமுறை கேட்டேன்.

"அப்பத்தான் பாப்பா அதுங்களுக்கு ரோசம் வரும். ஜோடி சேர்ற நேரம். நம்மாளு கொரல கேட்டா, எவன்டா அவன் என் எடத்துலன்னு சண்டைக்கு வந்துகினே இருக்கும். மத்த மாசத்துல கத்தும், ஆனா கிட்ட வராது."

பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டிக் கருவேலங்காடு. கூண்டை ஒரு மேட்டில் வைத்து, சுற்றிலும் நைலான் நரம்பில் கண்ணி வைப்பார். துணியை எடுத்துவிட்டு இருவரும் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வோம்.

முதல்முறை நான் போன காலையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. எங்கள் கவுதாரி முதலில் தொண்டையைச் செருமுவது போல டக், டக் என்றது. பிறகு கழுத்தை நீட்டி, "கிக்கிரீ, கிக்கிரீ" என்று ஒரு கூவல். இரண்டு கைக்குள் அடங்குகிற உடம்பிலிருந்தா இத்தனை சத்தம் என்று நான் வாயைப் பிளந்தேன். ஏரிப் பக்கமிருந்து ஒன்று பதில் சொன்னது. பனைமரத்துப் பக்கமிருந்து இன்னொன்று. அப்புறம் எனக்குப் பின்னால், பக்கத்தில், எட்டத்தில். இருட்டில் ஒன்றுமே இல்லாதது போல் கிடந்த காடு முழுக்க ஆள் இருந்தது. கோயில் கருவறை முன்னால்கூட நான் அப்படிக் கைகூப்பியதில்லை.

தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று ஓடிவந்து கூண்டின் மேல் பாயும். கண்ணியில் கால் மாட்டும். மாமா போய் எடுத்து, முதலில் அதன் காலைத்தான் பார்ப்பார். காலின் பின்பக்கம் சண்டைக்கான முள் இருந்தால் சேவல், பைக்குள் போகும். எப்போதாவது முள் இல்லாத கால் மாட்டினால் அது பெட்டை. தலையைத் தடவி மேலே விடுவார். விர்ரென்று போய்விடும்.

"பெட்டையத் தொடக்கூடாது பாப்பா. அது முட்ட உட்டாத்தான அட்த்த வருசம் நம்ம கொயந்தைக்கு சூப்பு? சேவலு எத்தினி போனா இன்னா?"

இதைவிட நியாயமான வேட்டைக்காரர் உலகத்திலேயே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்தடுத்த வருஷங்களில் பதில் குரல்கள் எட்டத்துக்குப் போயின. லாரிச் சத்தம் ஜாஸ்தியாகிவிட்டது என்றார் மாமா. நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருஷம் தையில் தம்பிக்கு இளைப்பு முற்றிவிட்டது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தான். "எப்படியாவது ஒண்ணு கொண்டாடா" என்று அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று எங்கள் கவுதாரி என்றைக்கும் இல்லாத கம்பீரத்தோடு கூவியது. பதில் இல்லை. மறுபடி கூவியது. காடு கப்சிப்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மாமா, நம்ம ஆளுக்குப் பயந்துகிட்டு எவனும் வரலை!" என்றேன்.

வெயில் ஏறிய பிறகு ஒன்று வந்தது. ஓடி வரவில்லை. நின்று நின்று, கூண்டையே பார்த்தபடி நடந்து வந்தது. கூண்டருகில் வரும்போது கண்ணியில் கால் மாட்டியது. மாமா எடுத்துக் காலைப் பார்த்தார். முள் இல்லை.

தம்பியின் மூச்சுச் சத்தம் என் காதிலேயே இருந்தது. "மாமா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்..." என்றேன்.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றிப் பார்த்தார். "இங்க இருந்த சேவலு அத்தினி பேரையும் நாந்தான எட்த்துக்கினு போனேன்" என்றார். பெருமையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு அதைக் கீழே விட்டார்.

அது பறக்கவில்லை. இறகை உதறிக்கொண்டு மறுபடி கூண்டுக்கு எதிரே போய் நின்றது. மனிதர்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருக்கிறோம் என்ற பயமே இல்லை. உள்ளே எங்கள் சேவல், நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில் என்னவோ முனகியது. மாமா குனிந்து கூண்டின் கதவைத் திறந்தார்.

"போடா நைனா."

சேவல் வெளியே வந்தது. மண்ணைக் கொத்தியது. பெட்டையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பி, தானாகவே கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் கைதட்டிக் குதித்தேன். "பாத்தியா மாமா, நம்மளை விட்டுப் போக மாட்டேங்குது!"

மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கூண்டைக் கட்டிச் சைக்கிளைத் தள்ளியபோதும் பெட்டை அந்த மேட்டிலேயே நின்றது.

வெறும் பையைப் பார்த்துவிட்டு அம்மா ஆட்டுக்கால் வாங்க அப்பாவை அனுப்பினாள். நான் தம்பியிடம் உட்கார்ந்து, நம் கவுதாரி காட்டையே ஜெயித்ததையும் கதவு திறந்தும் ஓடாததையும் சொன்னேன். அவன் மூச்சு வாங்க வாங்கக் கேட்டான்.

"அப்ப அந்தப் பெட்டை?"

"அது வீட்டுக்குப் போயிருக்கும்டா" என்றேன்.

அந்த வீட்டில் அதற்காக யாரோ காத்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.