தேங்காய்ச் சிரட்டைகள் கிடந்த வளைவு

தொண்ணூறுகளில், வாரம் முழுக்க, சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் இத்தாலிய முதலாளியம்மாவின் வீட்டைத் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பலெர்மோவின் மலையைத் துடைக்கப் போவேன். உச்சியில் இருக்கும் கத்தோலிக்கப் புனிதையின் குகைக்கோயிலுக்கு ஏறும் பழைய கல்பாதைதான் என் இடம். இருபக்கமும் பைன் மரங்கள் நிற்கும் பாதுகாக்கப்பட்ட காடு. அங்கே குப்பை பொறுக்கும் தொண்டர்களில் தமிழ் ஆள் நான் மட்டும்தான்.

போத்தல்களையும் சிகரெட் பெட்டிகளையும் இத்தாலியர்கள் பேசாமல் பொறுக்குவார்கள். ஒரு வளைவு வந்ததும் எல்லோரும் நின்று என்னைப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் அந்தப் புனிதைக்கு நேர்த்தியாக உடைத்த தேங்காய்களின் சிரட்டைகளும் கற்பூரக் கரியும் அங்கேதான் கிடக்கும். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒரு ஆகஸ்ட் மாதம், வெறுங்காலோடு ஏறி வந்த ஒரு அக்கா காய்ந்த சருகுக்குப் பக்கத்தில் கற்பூரத்தை வைத்தார். ஓடிப்போனேன்.

“அக்கா, இஞ்சை கொளுத்தாதேங்கோ. மலையே பத்திப்போடும்.”

“இஞ்சை இருக்க விடுற பெர்மெசோ கிடைச்சதுக்கு நேர்த்தி, தங்கச்சி” என்றவர், கற்பூரத்தைப் பாதையின் நடுக்கல்லுக்கு நகர்த்திக் கொளுத்தினார். அணையும்வரை தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நின்றேன். பிறகு தேங்காயை உடைத்து எனக்கும் ஒரு துண்டு தந்தார்.

“இஞ்சை வேலையோ? எவ்வளவு தருகினம்?”

“ஒண்டும் இல்லை அக்கா. சும்மாதான் வாறன்.”

அவர் முகம் வாடிவிட்டது.

“ஞாயிறு எண்டும் பாக்காமல் சும்மா வேலை வாங்கிறாங்களே! யோசிக்காதையும். என்ரை சிஞ்ஞோராவோடை கதைச்சு உமக்கொரு நல்ல வீட்டு வேலை எடுத்துத் தாறன்.”

எனக்கு முதுகு விண்விண்ணென்று வலித்தது. விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. “ஓம் அக்கா” என்று சொல்லிவிட்டு, அவர் போட்ட சிரட்டையை எடுக்கக் குனிந்தேன்.