நடுவில் இருந்த தகடு

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தப் பகுதியில் ஒருவருக்கும் தெரியாது. 'தனித்தனி' வீடு எங்கே என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார்கள். குப்பை வண்டி ஓட்டுகிறவர். வண்டியின் நெற்றியில் ஓர் ஒலிபெருக்கி உண்டு. காலை ஆறரை மணிக்கு வண்டி தெருமுனை திரும்பும்போதே, "மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி" என்று ஒரு பெண்குரல் அதிலிருந்து கெஞ்சத் தொடங்கிவிடும். தெருப் பிள்ளைகள் அதையே அவருக்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தாறு வயதில், விடிகாலை நாலரைக்கு எழுந்து, கிழிந்த இருக்கையில் முதுகுவலியோடு உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குக் கோபித்துக்கொள்ளத் தெம்பு ஏது.

வண்டியின் முதுகில் இரண்டு மூடிகள். பச்சை மூடியைத் தூக்கினால் காய்கறித் தோலும் மீந்த சோறும். நீல மூடியைத் தூக்கினால் பிளாஸ்டிக்கும் காகிதமும். உள்ளே நட்டநடுவில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு. இந்தப் பக்கத்துச் சங்கதி அந்தப் பக்கம் போகாமல் தடுக்கிற வேலை அதற்கு. தடுத்தது, ஒரு காலத்தில்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வீடு இடித்த எவனோ ஒரு புண்ணியவான், சிமென்ட் கட்டிகளை மூட்டையாகக் கட்டி, மேலே நாலு செய்தித்தாளைப் போர்த்தி நீல மூடிக்குள் தள்ளிவிட்டான். ஏற்கெனவே குப்பைத் தண்ணீரில் ஊறி இற்றுப்போயிருந்த தகடு மடங்கிச் சாய்ந்தது. பட்டறையில் கேஸ் வைத்து அறுத்து எடுத்தார்கள். "ஒரு வாரத்துல புதுத்தகடு வந்துடும், அதுவரைக்கும் இப்படியே ஓட்டுங்க" என்றார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. வெளியே பார்த்தால் இரண்டு மூடி, உள்ளே ஒரே வயிறு.

அவர் ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். மேஸ்திரி கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். பதினோரு வண்டிக்கும் அறுபது ஆளுக்கும் அவர் ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ரெண்டும் ஒண்ணாக் கலந்துடுதுண்ணே. சனங்க பாவம், பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்குறாங்க."

"கலந்தா கலக்கட்டும். இப்பப் போய்ப் பிரிக்க வேணாம்னு சொன்னேன்னு வை, பழக்கம் விட்டுப்போயிடும். நாளைக்குத் தகடு வந்தா மறுபடி யாரு போய் வாசல் வாசலா நிக்கிறது? நீயா, நானா? வாயைத் திறக்காம ஓட்டு."

யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவரைச் சிக்கவைத்தது. அப்பட்டமான அநியாயமாக இருந்திருந்தால் ஒருவேளை அன்றைக்கே எதிர்த்திருப்பார். பாதி நியாயத்தை எதிர்ப்பது பெரிய பாடு.

ஆனால் அவர்கள் குடியிருக்கிற தெருவில் வாசல் வாசலாக நின்றது மேஸ்திரியும் இல்லை, அவரும் இல்லை. அவர் மனைவி.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நாலு வருடத்துக்கு முன்பு ஊருக்கு வெளியே இருக்கிற குப்பைமேடு தீப்பிடித்தது. பதினோரு நாள் எரிந்தது. காற்று இவர்கள் பக்கம் வீசியது. கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தும் புகை உள்ளே வந்தது, சோற்றில்கூடப் பிளாஸ்டிக் கருகிய வாடை. அவளுக்கு அப்போது பிடித்த இருமல் இன்றுவரை விடவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் தொண்டை கட்டிக்கொள்ளும். தீ அணைந்த பிறகு நகராட்சிக்காரர்கள் குப்பையைப் பிரித்துப் போட வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரும்பாலான வீடுகளில் ஒன்றில் துணி ஊறியது, இன்னொன்றில் செடி வைத்தார்கள். அவள் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டாள். பிரித்த பிளாஸ்டிக் மறுசுழற்சிக்குப் போய்விடும், மேட்டுக்குப் பிளாஸ்டிக் போகாவிட்டால் மேடு எரியாது, மேடு எரியாவிட்டால் புகை வராது. அவளுடைய கணக்கு அவ்வளவுதான். அதில் தப்பும் இல்லை.

அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலை அவளுக்கு. மதியம் முடிந்து வந்ததும் கட்டிய தொண்டையோடு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். நாற்பத்தாறு வீடு. கல்லில் நார் உரிப்பது அதைவிடச் சுலபம். "உன் புருஷன் சம்பளம் வாங்குறான், நாங்க ஏன் அவன் வேலையைப் பார்க்கணும்?" என்றார்கள். கதவைச் சாத்தினார்கள். மூன்று வருடத்தில் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். கடைசியாக இணங்கியது தையல்காரம்மா, போன வருடம்தான். அதற்கு முன்னால் அந்த அம்மாள் இவளை வாசலில் நிற்கவைத்து அரைமணி நேரம் திட்டினார். வண்டி அப்போது நாலு வீடு தள்ளித்தான் நின்றது. தனித்தனிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. தகடு போய் அப்போதே ஒரு வருடம்.

அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாயங்காலம் அவள், "இன்னைக்கு நம்ம தெரு எப்படிங்க?" என்று வழக்கம்போலக் கேட்டபோது, "சுத்தமா இருந்துச்சு" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட ஒரு வேளைச் சோற்றில்தான் மறைப்பான். இவர் இரண்டு வருடமாகத் தினமும் மறைத்தார். ஒவ்வொரு நாளும் மறைக்க வேண்டியது கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. இப்போது சொன்னால், 'ஏன் நேற்றே சொல்லவில்லை' என்று கேட்பாளே என்ற பயத்திலேயே அடுத்த நாளும் போய்விடும்.

அவளோ வேலையில் இன்னும் நுணுக்கமாகிக்கொண்டிருந்தாள். பால் பாக்கெட்டைக் கழுவி, காயவைத்து, அச்சகத்தில் தாள் மடிக்கிற கணக்காக எட்டாக மடித்து, ஐம்பது சேர்ந்ததும் தையல்நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டுவாள். முடிச்சைப் பார்த்தால் கட்டுக்குள் ஏதோ புத்தகம் இருக்கிறது என்றுதான் தோன்றும். அந்தக் கட்டை அவரே வாங்கி, நீல மூடியைத் தூக்கி, உள்ளே போடுவார். பழச்சக்கையின் மேல் அது சொத்தென்று விழும். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்காது. மூடியை வேகமாகச் சாத்துவார்.

இந்த வருடம் வெயில் முற்றிய ஒரு நாளில் மறுபடி புகை வந்தது.

முதல் நாள் லேசாக. இரண்டாம் நாள் எதிர்வீட்டு மாடி மங்கலாகிவிட்டது. அவள் சன்னலை அடைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். இருமல் ஓய்ந்ததும் கேட்டாள்.

"நம்ம பக்கத்துல முக்கால்வாசி வீடு பிரிச்சுத்தான் குடுக்குது. அப்புறம் அங்க எதுங்க எரியுது?"

"பழைய குப்பையா இருக்கும்."

"பழசுதான் போன தடவையே எரிஞ்சுதே?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பதில் இல்லாதவனுக்குக் கடைத்தெருவில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

மறுநாள் அவள் அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. பத்து மணி வாக்கில் அவர் நிறைவண்டியோடு மேட்டில் ஏறி, கொட்டுமிடத்துக்குப் பின்வாக்கில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பக்கக் கண்ணாடியில் ஒரு பெண் தெரிந்தாள். மூக்கில் ஈரத்துணி கட்டியிருந்தாள். நிற்கிற விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. முப்பது வருடமாகப் பார்க்கிற நிற்பு.

காலைப் பிரேக்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் மூன்று வண்டி. ஹாரன் அடித்தார்கள். கொட்டுமிடத்தில் நின்ற ஆள் விசிலை ஊதிக் கையைக் காட்டினான். திரும்பிப் போக வழி இல்லை, மேட்டில் ஒற்றைப் பாதைதான். லிவரை இழுத்தார்.

பெட்டி தூக்கிக்கொண்டது. கதவு திறந்தது. நாற்பத்தாறு வீடும் பிரித்துப் பிரித்துக் கொடுத்தது ஒரே குவியலாகச் சரிந்து விழுந்தது. முட்டை ஓடும் மருந்துப் புட்டியும், அழுகிய தக்காளியும் நோட்டுப் புத்தகமும். அவர் இறங்கிப் பக்கத்தில் போய் நிற்பதற்குள் அவள் குனிந்து ஒரு கட்டை எடுத்திருந்தாள். நூலில் ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது.

"இது என் கட்டு."

"ஆமா."

"தடுப்பு எங்கங்க?"

"இல்ல. போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "தையக்காரம்மா என்னை நிக்கவெச்சுப் பேசினாங்களே. அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தக் கட்டை வேறு எங்கே போடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு இடம் இல்லை. அதே குவியலில் போட்டுவிட்டு, புகைக்குள் இறங்கிப் போனாள்.

நாலு நாள் பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், துணி மடித்தாள், எல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் இல்லை. வீட்டில் இரண்டு பேர்தான், மகள் கல்யாணம் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் பேசாவிட்டால் மற்றவரும் ஊமைதான். மேஸ்திரி சொன்னதை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஓய்வுபெற நாலு வருடம்தான் இருக்கிறது, வாயைத் திறந்தால் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலை அவர் வண்டியோடு தெருவுக்குள் திரும்பியபோது, அவள் முதல் வீட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"இனிமே பிரிக்க வேணாங்க. வண்டியில தடுப்பு இல்ல, எல்லாம் ஒண்ணாத்தான் மேட்டுக்குப் போகுது. நான் சொல்லித்தானே செஞ்சீங்க, அதான் நானே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. முன்னால் மனைவி பிரிக்க வேண்டாம் என்கிறாள், பின்னால் வண்டி பிரிக்கச் சொல்லிக் கூவுகிறது. அவர் ஒலிபெருக்கியை அணைத்தார். ஒரு வீட்டில் "அப்பாடா, விட்டது தொல்லை" என்றார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு பெண், "தடுப்பு வந்தா மறுபடி வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். "சொல்லுவேன்" என்றாள் இவள். "அப்ப நாங்க கேக்கணுமே" என்றாள் அந்தப் பெண். பொல்லாப்பாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

இருபத்துநாலாவது வீடு தையல்காரம்மாவுடையது. இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு அந்த அம்மாள் கேட்டுக்கொண்டு நின்றார். வண்டி வாசலுக்கே வந்துவிட்டிருந்தது.

"அது சரி, உன் வீட்டுக்காரர்தானே ஓட்டுறாரு? அவருக்குத் தெரியாதா?"

அவள் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாதுக்கா" என்றாள். "முன்னாடி உக்காந்து ஓட்டுறவருக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

இந்த வாசல்களில் அவள் இதுவரை பொய் சொன்னதே இல்லை. சொன்னதெல்லாம் அவர் அவளிடம் சொன்னது. பொய் அவருடையது, வாய் மட்டும் அவளுடையது. இது அவளுடைய சொந்தப் பொய். அவருக்காக, அவர் சம்பளத்துக்காக, கரகரத்த தொண்டையால் சொன்னது. நாலு நாள் மௌனத்தைத் தாங்கிய மனிதருக்கு இதைத் தாங்க முடியவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.

"எனக்குத் தெரியும்மா. ரெண்டு வருஷமாத் தெரியும். நீங்க இவளைத் திட்டின அன்னைக்கும் தெரியும். இவளுக்குத்தான் தெரியாது."

தையல்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு வாளியை எடுத்து இன்னொரு வாளிக்குள் கவிழ்த்தார். கலந்ததை அவர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் அதை வண்டியில் கொட்டிவிட்டு, வாளியை வாசலில் வைத்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொய்யாவது உருப்படியாச் சொல்லி வேலையைக் காப்பாத்தலாம்னு பார்த்தா" என்றாள். இருமினாள். "சரி. தொண்டை போயிடுச்சு எனக்கு. மிச்ச வீட்டுக்கு நீங்களே சொல்லுங்க."

இன்னும் இருபத்திரண்டு வீடு இருந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒருவர், நீல வாளி ஒரு கையிலும் பச்சை வாளி ஒரு கையிலுமாக, அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

"இருங்க சார்" என்றார் இவர். "அதைக் கீழ வைங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."