ஏழாம் பெட்டியின் சூடு

பூமாரிக்கு நாற்பத்திரண்டு வயது. அதில் பதினான்கு வருஷத்தைத் தம்பானூரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தே கழித்துவிட்டாள். திரையில் பச்சை தெரிந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். மஞ்சள் வந்தால் கவனிக்க வேண்டும். சிவப்பு வந்தால் யாரையாவது விரட்ட வேண்டும். ஊர் முழுக்கச் சாலையோரங்களில் பீரோ உயரத்துக்கு இரும்புப் பெட்டிகள் நிற்கின்றன அல்லவா, அவற்றுக்குள் இருக்கிற நெட்வொர்க் கருவிகள் தங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் உடனே இங்கே அலாரம் அனுப்பும். கரண்ட் போய்விட்டது, கதவு திறந்து கிடக்கிறது, ஃபேன் நின்றுவிட்டது, சூடு தாங்கவில்லை. கைக்குழந்தையாவது பசித்தால்தான் அழும்; இவை சும்மாவும் அழும். எது மெய், எது பொய் என்று பிரித்துப் பார்த்து, மெய்யானதற்கு ஆள் அனுப்பி, சரியானதும் காரணம் எழுதி மூடுவது அவள் பிழைப்பு.

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் கூலி லயத்தில் பிறந்து, மலையிறங்கி வந்து டிப்ளமா படித்தவள். வேலை கிடைத்த புதிதில் அந்த ஆறு திரைகளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இப்போது கண் எரிகிறது, இடுப்பு வலிக்கிறது, கனவில்கூட அலாரம் கேட்கிறது. அதைப் புருஷன் லிங்கத்திடம் சொன்னால், ஹோட்டலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற அவன், “எனக்கெல்லாம் கனவே வரதில்ல, அதுக்கு நேரம் எங்க இருக்கு?” என்பான். அதற்குமேல் என்ன பேச முடியும்?

வருஷத்தில் மற்ற நாளெல்லாம் ஒரு பக்கம், ஆற்றுகால் அம்மை கோயில் பொங்காலை ஒரு பக்கம். அன்றைக்குத் தெருவே அடுப்பாகிவிடும். கோயிலில் தொடங்கித் தம்பானூர் தாண்டியும் பெண்கள் மூன்று செங்கல்லை வைத்து, ஓலையும் சிரட்டையும் மூட்டி, மண்பானையில் பொங்கலிடுவார்கள். அடுப்பு வைக்க மூன்றடி இடம் கிடைத்தால் போதும், பக்கத்தில் நிற்பது கோயில் மதிலா நெட்வொர்க் பெட்டியா என்று எவள் பார்க்கப் போகிறாள்? பத்தரை மணிக்குத் தீ மூட்டினால் பதினொன்றுக்குத் திரையெல்லாம் சிவப்பு. முன்பெல்லாம் சூட்டு அலாரங்களை முதல் நாளே மொத்தமாக வாய்பொத்தி வைத்துவிட்டு, முடிந்ததும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் எழுதி மூடிவிடுவார்கள். போன வருஷம் அந்தச் சந்தடியில் ஒரு பெட்டியின் ஃபேன் உண்மையிலேயே செத்துப்போய் உள்ளே எல்லாம் கருகிவிட்டது. அன்றிலிருந்து மேலதிகாரி ஹரிஷங்கரின் கட்டளை: எதையும் வாய்பொத்தக் கூடாது, ஒவ்வொன்றையும் பார்த்துக் காரணம் எழுத வேண்டும்.

காரணம் எழுதுவதில் பூமாரிக்குச் சிரமமே இருந்ததில்லை. ‘பொதுமக்களின் அலட்சியம்.’ பதினோரு பொங்காலையாக அதே இரண்டு வார்த்தைதான்.

ஆமாம், பதினோரு பொங்காலையும் அவள்தான் டியூட்டி. ஆபீஸில் மற்றப் பெண்கள் எல்லாரும் பொங்கலிடப் போய்விடுவார்கள். ஆண்களின் பைக் தடுப்பைத் தாண்டி உள்ளே வர முடியாது. பூமாரியின் வாடகை வீடு ஐந்து நிமிஷ நடை. பிறகென்ன, “பூமாரி இருக்காளே!” என்று முடிந்துவிடும். அவளுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருப்பது யாருக்குத் தெரியும்? மகள் அனுஷா ஏழு மாசத்தில் பிறந்து, முப்பத்தெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் பொங்காலை இடுகிறேன் என்று ஆற்றுகால் அம்மையிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்து, வளர்ந்து, இப்போது மலையாளத்தில் எதிர்த்துப் பேசுகிறது. நேர்ச்சை மட்டும் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் பொங்கி முடிந்த பானைகள்மேல் பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கிற நேரத்தில் இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று, “இந்த வருஷமும் பொறுத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி நாற்காலிக்குப் போவாள்.

இந்த வருஷம் வெங்கிடேஷ்தான் வழி பண்ணினான். கோட்டை அக்ரஹாரத்துப் பையன், வேலைக்கு வந்து இரண்டு வருஷம். “அக்கா, நான் முதல் நாளே வந்து ஆபீஸ்லயே தங்கிக்கறேன். நீங்க போய்ப் பொங்கல் இடுங்கோ” என்றான். ஹரிஷங்கர் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு லீவில் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாளே போய்ச் செங்கல் போட்டு, சாக்கட்டியால் பேர் எழுதி இடம் பிடித்தாள். ஆபீஸுக்கு நேர் கீழே, ஏழாம் பெட்டிக்கும் மதிலுக்கும் நடுவில். பெட்டியின் நிழல் கொஞ்சம் விழும். பெட்டிக்கும் பாதகமில்லை, அது காற்று இழுக்கிற துவாரம் ரோட்டுப் பக்கம் அல்லவா, மதில் பக்கம் எவ்வளவு எரித்தாலும் ஒன்றும் ஆகாது. பதினான்கு வருஷம் பார்த்த பெட்டி, அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் பக்கத்து அடுப்பு பகவதியம்மாளுடையது. வள்ளியூரிலிருந்து ரயிலேறி இருபத்திரண்டு வருஷமாக இதே இடத்துக்கு வருகிறவள். அவளுக்கு அந்தப்பக்கம் மூன்று அடுப்புகள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் குரவை கிளம்பியது, தீ மூட்டினார்கள். புகையில் பூமாரியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாதி புகையால், பாதி சந்தோஷத்தால். அனுஷா ஓலை ஒடித்துக் கொடுத்தாள்.

பதினொன்று பத்துக்கு ஃபோன் அடித்தது. வெங்கிடேஷ்.

“அக்கா, மன்னிச்சுக்கோங்கோ. ஏழாம் பெட்டி அம்பத்தெட்டு டிகிரி காட்றது. ஏறிண்டே இருக்கு.”

“பொய் அலாரமா இருக்கும். ஃபேன் ஓடுதா, பாரு.”

“முழு வேகத்துல ஓடறது.”

“ஆறும் எட்டும் எத்தனை?”

“ரெண்டும் நாப்பத்தஞ்சு.”

அப்படியானால் வெயில் இல்லை. வெயில் என்றால் மூன்றும் சேர்ந்து ஏறும். ஃபேனும் பழுதில்லை. சூடு வெளியிலிருந்து, அதுவும் இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் போகிறது. பூமாரிக்கு அலுப்பாக வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் விடக்கூடாதா?

“எழுபதைத் தொட்டா தானா அணைஞ்சுடும் அக்கா. ஆறி எழ முக்கால் மணி ஆகும். காணாமப்போன கொழந்தைகளை ஒப்படைக்கற மையத்தோட ஃபோன், முதலுதவி ஃபோன், ரெண்டும் இதுலதான். நான் திரையை விட்டு எழுந்து வர முடியாது, இந்தக் கூட்டத்துல அங்க வேற யாரும் வர முடியாது. நீங்கதான் பாக்கணும்.”

திரைக்கு முன்னால் என்ன செய்வாளோ அதையே தெருவில் செய்தாள். சந்தேகமுள்ளவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. ஃபோனைக் காதில் வைத்தபடி பகவதியம்மாளிடம் போய், “அம்மா, ரெண்டே நிமிஷம் தீயை வெளிய இழுங்க, கேட்டோ. இந்தப் பெட்டி சூடாகுது” என்றாள்.

“என்ன பிள்ளே சொல்லுத? பொங்குற நேரத்துல தீயை இழுக்கச் சொல்லுத!” என்று முனகிக்கொண்டே கிழவி ஓலையை வெளியே இழுத்தாள்.

“இப்பம் எவ்வளவு, வெங்கிடேஷே?”

“அறுபத்திமூணு. ஏறறது.”

அடுத்த அடுப்பு. அறுபத்துநான்கு. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. அறுபத்தாறு. அந்தப் பெண்கள் அவளை முறைத்தார்கள், ஒருத்தி மலையாளத்தில் வாய்விட்டே ஏசினாள். நாலு அடுப்பும் சோதித்தாயிற்று, சூடு குறையவில்லை.

“அக்கா, இன்னும் ஏதாவது அடுப்பு பக்கத்துல இருக்கா?” என்றான் வெங்கிடேஷ்.

அப்போதுதான் பூமாரி திரும்பித் தன் அடுப்பைப் பார்த்தாள். மற்ற அடுப்புகளின் புகை மேலே போனது. அவளுடையது மேலே போகவில்லை. தரையோடு தரையாக, கயிறு பிடித்து இழுத்த மாதிரி, ஏழாம் பெட்டியின் அடிப்பக்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. மதில் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், வரிசையாகத் துவாரங்கள்.

தை மாசம் பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். அந்த வேலையை ‘முடிந்தது’ என்று மூடியவளும் அவள்தான். பெட்டியின் எண் மாறவில்லை, அதனால் அவள் மனசில் பெட்டியும் மாறவில்லை. பதினோரு வருஷம் ஊர்ப் பெண்களை அலட்சியம் என்று எழுதினவள், அவர்களில் ஒருத்திகூடத் தேடிப் பிடிக்காத இடமாகப் பார்த்து அடுப்பை வைத்திருக்கிறாள்.

பானையில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. விளிம்புக்கு இரண்டு விரற்கடைதான் பாக்கி.

“ரெண்டு நிமிஷம் தாங்குமா?” என்றாள்.

“அறுபத்தெட்டு, அக்கா. தாங்காது.”

எதிர்ப்பக்கம், காணாமல்போன குழந்தைகள் மையத்தில் ஒரு சின்னப் பெண் மூக்கொழுக அழுதுகொண்டிருந்தது. ஒரு போலீஸ்காரி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். பூமாரி குனிந்து ஓலையை வெளியே இழுத்தாள். அடியில் சிரட்டைக் கங்கு செக்கச்செவேலென்று கிடந்தது. “அறுபத்தொம்பது!” என்று ஃபோன் கத்தியது. பானையை இறக்கி வைத்துவிட்டுக் கங்கை அணைத்திருக்கலாம். அந்தப் பதற்றத்தில், அத்தனை வருஷக் களைப்பில், அது தோன்றவில்லை. பக்கத்திலிருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி அப்படியே கவிழ்த்தாள். சாம்பல் பொங்கி எழுந்தது. தண்ணீர் பட்ட சூட்டுப் பானை ‘டப்’பென்று வெடித்து, அரைவேக்காட்டு அரிசியும் வெல்லத் தண்ணீரும் செங்கல் வழியாக ஒழுகின.

“அறுபத்தாறு... அறுபது... அம்பத்திமூணு. இறங்கிடுத்து அக்கா, இறங்கிடுத்து!”

பூமாரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

“அம்மா, நம்மளது பொங்கியில்லல்லோ” என்றாள் அனுஷா.

“இல்ல மக்கா.”

பகவதியம்மாள் ஏசவில்லை. தன் முந்தானையால் பூமாரியின் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டாள்.

வெங்கிடேஷ் இன்னும் ஃபோனில்தான் இருந்தான். “காரணம் எழுதி மூடணும் அக்கா. வழக்கம்போல பொதுமக்கள்னே போட்டுடறேனே” என்றான்.

பெட்டி அணையும் நிலைக்குப் போன இந்த முறை அப்படிப் போட்டால், அடுத்த வருஷம் இந்தப் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். பகவதியம்மாள் வள்ளியூரிலிருந்து வந்து இடம் தேடி அலைவாள். உள்ளதைப் போட்டால் தனக்கு என்ன ஆகும் என்பதும் பூமாரிக்குத் தெரியும். இத்தனை தெரிந்தவளே இப்படிச் செய்தால் அவள் மாடியில் இருப்பதே நல்லது என்பார் ஹரிஷங்கர்; லீவு என்ற பேச்சே இனி எடுக்க முடியாது.

“வேண்டாம். புதுப் பெட்டியில காத்து இழுக்கிற பக்கம் மாறினதைக் கவனிக்காம, பூமாரி அடுப்பு வச்சாள்னு எழுது.”

“அக்கா, அப்பறம் அடுத்த வருஷம்...”

“தெரியும். எழுது.”

இரண்டு மணி சுமாருக்குப் பூசாரி குடத்தோடு வந்தார். வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே நடந்தார். உடைந்த பானை என்று பார்க்க அவருக்கு எங்கே நேரம், பூமாரியின் செங்கல்மேலும் நாலு துளி விழுந்தது. சுற்றிலும் குரவை எழுந்தது. பூமாரி சாம்பல் கையைக் கூப்பினாள். வழக்கமான வார்த்தை வாய்வரை வந்தது. இந்த முறை அதை அப்படியே சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

“நீயும் பொறும்மா,” என்றாள், “நானும் பொறுக்கேன்.”