அந்தக் கவிதையில் குழந்தை இல்லை

நான் மொழிபெயர்த்த அமெரிக்கக் கவிஞரின் தொகுப்பில் முப்பத்தொன்பது கவிதைகள்தான் இருக்கின்றன. நாற்பது என்றுதான் பதிப்பாளரிடம் சொல்லியிருந்தேன். மிச்சம் ஒன்று எங்கே என்று கேட்பவர்களிடம், உரிமைச் சிக்கல் என்று வாய் கூசாமல் புளுகிவிடுவேன்.

அந்த அம்மாள் பனி கொட்டும் ஒரு சிற்றூரில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே மனதுக்குள் வரிகளைச் சேர்த்து, வீடு திரும்பும் பஸ்ஸில் தாளில் இறக்கிவைப்பாராம். நானும் பொத்தேரிக் கல்லூரியில் ஆங்கில வகுப்பு எடுத்துவிட்டு, தாம்பரம் வரும் ரயிலில் நின்றபடியே அவரைத் தமிழாக்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாற்பதாவது கவிதையில், ஒருத்தி மரவீட்டில் தனியாக உட்கார்ந்து மாடிப்படி கிறீச்சிடுவதைக் கேட்கிறாள். இறங்கி வரும் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டு அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வயது தெரிந்தால் நடையைச் சரியாக எழுதலாமே என்ற மேதாவித்தனம்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ‘என் கவிதையில் குழந்தை இல்லை. குளிரில் மரம் சுருங்கும் சத்தம் மட்டும்தான். நீங்கள் யாரையாவது இழந்திருக்கிறீர்களா?’

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். குழந்தை இல்லவே இல்லை. என் தமிழில் குழந்தை வரும் மூன்று வரிகளும் நானாகச் சேர்த்தவை. எப்போது எழுதினேன் என்பதுகூட நினைவில்லை. எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் மாடியே கிடையாது.

எட்டு வருடம் முன்பு எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. மனைவிக்கு மயக்கம் தெளிவதற்குள், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று நானே முடிவுகட்டி, குழந்தையை வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தேன். பெற்றவள் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில்தான் இத்தனை வருடமும் வீட்டில் வளவளவென்று கவிதை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு முழுவதையும் டைப் செய்துகொடுத்தவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பெரிய விஷயம் இல்லை என்பதுபோல் ஆரம்பித்தேன்.

“கடைசிக் கவிதையில ஒரு தப்பு ஆயிடுச்சு. அந்தக் குழந்தையப் பத்தி அந்தம்மா எழுதவே இல்லையாம். மூணு வரிய எடுத்துடறேன்.”

“தெரியும். இங்கிலீஷைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுதானே டைப் பண்ணேன்.”

லேப்டாப்பைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனேன். அவள் ஈரக்கையோடு எழுந்து வந்து, என் விரல்கள் உள்ளே இருக்கும்போதே திரையை மூடினாள்.

“இந்தத் தடவையும் என்னைக் கேக்காம தூக்கிட்டுப் போயிடாதீங்க.”