பிராசசருக்குப் பூ கேட்டது

எங்கள் ஊரில் பெண் எடுக்கவும் போர்வெல் போடவும் கன்னியம்மனிடம் பூ கேட்பார்கள். கம்ப்யூட்டர் பிராசசருக்குப் பூ கேட்டவர்கள் எனக்குத் தெரிந்து நாங்கள் மட்டும்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததுதான் அம்மன் வாக்கு. அந்த விவரம் தெரியாத பிள்ளை நான். எட்டு வயது.

அண்ணன் அப்போது ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தான். கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தான். எல்லாம் நல்லபடியாகப் போய்ப் பிராசசரில் வந்து நின்றுவிட்டது. அவன் மனதில் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் ஒரே வேகம், ஒரே பெயர், கடைசியில் ஒரு எழுத்து மட்டும் வித்தியாசம். ஒன்றில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி உள்ளேயே இருந்தது. சின்ன விளையாட்டுகளை அன்றைக்கே ஆடலாம். மற்றதில் அது கிடையாது, விலை குறைவு. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கும்வரை திரை கறுப்பாகவே கிடக்கும். வாங்கிவிட்டாலோ பெரிய பெரிய விளையாட்டெல்லாம் ஓடும்.

அண்ணனுக்கு இரண்டாவதன் மேல்தான் ஆசை. கார்டுக்கு வழி, பிரஸ் செக்‌ஷனில் மூன்று மாதம் ஓவர்டைம். அங்கே ஒரு இடம் காலியாக இருந்தது. தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் மேலிருந்து அச்சு இறங்கிவிடும். தூக்கக் கலக்கத்தில் அங்கே விரலை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். அம்மா முடியவே முடியாது என்றாள். தெற்கிலிருந்து வந்து எங்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த அண்ணனின் கூட்டாளி, நீ போகாவிட்டால் அந்த இடத்துக்கு நான் போகிறேன் என்று அவசரப்படுத்தினார். ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கடைசியில் அம்மாதான் சொன்னாள்: “டேய், அம்மன் கிட்ட பூ வெச்சு கேட்டுக்கினு வந்துரு. அவ இன்னா சொல்றாளோ அதான்.”

வெள்ளை விழுந்தால் முதல் பிராசசர், பிரஸ் பேச்சே கூடாது. சிவப்பு விழுந்தால் அவன் இஷ்டம். வேலியில் பூத்த நந்தியாவட்டையைப் பறித்து அம்மாவே கொடுத்தனுப்பினாள். சிவப்பு அரளியை அண்ணன் ஹைவே நடுவிலிருந்த செடியில் பறித்துக்கொண்டான்.

வயலெல்லாம் கம்பெனி ஆன பிறகு, இரண்டு காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே கன்னியம்மனுக்கு ஒரு சந்து விட்டிருந்தார்கள். அதன் முடிவில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். நாங்கள் போனது உச்சி வெயிலில். எப்போது போனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும். அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொட்டலங்களை மடித்துக் கற்களின் முன்னால் வைத்தபோது அது நின்றுபோனது. சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கும். என் மூச்சு எனக்கே கேட்டது. ஒரு காரணமும் இல்லாமல் இடது பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணன் பிரித்தான். வெள்ளை. வரும் வழியிலேயே அரளி வாடித் தொங்கியிருந்தது. இந்த நந்தியாவட்டை மட்டும் அப்போதுதான் பறித்ததுபோல ஈரமாக இருந்தது. அவன் அதையே வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இன்னொன்றையும் பிரிக்கச் சொல்லிக் கேட்டேன். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். டிரெய்லர் லாரிகள் ஓடும் அந்த ரோட்டை என் கையைப் பிடிக்காமல் அவன் கடந்தது அதுதான் முதல் தடவை. தோற்ற கோபம் என்று நினைத்தேன்.

வாக்குப்படி முதல் பிராசசரை வாங்கினான். பிரஸ்ஸில் அந்த இடத்துக்குக் கூட்டாளி போனார். ஒரு மாதம் கழித்து, வலது கையில் பெரிய கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு விரல் இல்லை என்று அம்மா அடுப்படியில் அழுதாள். அண்ணன் அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தான். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான்: அவர் இடது கையால் கீபோர்டைத் தட்டுவார், அண்ணன் பக்கத்தில் நின்று மவுஸை நகர்த்துவான். இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஆளாக ஆடினார்கள். எனக்கு முறை வரவே இல்லை என்று எரிச்சலாக இருந்தது.

போன மாதம் எனக்கு இரண்டு வரன் வந்தது. பூ கேட்கலாம் என்று அம்மா சொன்னதும் அண்ணன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான். பின்னாலேயே போய்க் கேட்டேன்.

“ரெண்டுலயும் அரளிதான் பாப்பா வெச்சேன்,” என்றான். “அம்மா குடுத்த வெள்ளய வழியிலயே போட்டுட்டேன். நீ எடுத்துக் குடுத்ததுலதான் வெள்ள இருந்துச்சு.”

அம்மா மாற்றியிருப்பாள் என்றேன். அங்கே போன பிறகுதானே மடித்தேன் என்றான். பையில் போட்டுக்கொண்டதில் என்ன இருந்தது என்று கேட்டேன். அரளிதான் என்றான்.

அம்மன் என் பிள்ளையைக் காப்பாற்றினாள் என்று அம்மா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வாள். கூட்டாளி இருக்கும்போது மட்டும் சொல்லமாட்டாள்.

அந்த வெயிலுக்குப் பிறகு அண்ணன் என்னை எதையும் எடுக்கச் சொன்னதில்லை. இரண்டு ஜாமூன் இருந்தால்கூட ஒன்றை அவனே எடுத்து என் தட்டில் வைத்துவிடுவான். அதைப் பாசம் என்று எண்ணிக்கொண்டே வளர்ந்தேன். அன்று ரோட்டைக் கடக்கும்போது அவனுக்கு என்மேல் கோபமே இல்லை. என் கையைத் தொடப் பயந்திருக்கிறான்.