சுபம் வரை பற்றவைத்த டிவி

மிக்ஸி ஒயரைப் பற்றவைக்கிறேன் பேர்வழி என்று இன்று விரலைச் சுட்டுக்கொண்டபோது எழுந்த ஈயப் புகை, என்னை நேரே கும்மிடிப்பூண்டி லைன் வீட்டு வாசலில் கொண்டுபோய் உட்காரவைத்தது. இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அப்போது ஞாயிறு மாலைப் படத்துக்குத் தெருவே எங்கள் வாசலில் நிற்கும். ஒரு ஞாயிறு பார்த்து டிவி செத்துக் கிடந்தது. பின்னால் தடித்த ஒயரும், உள்ளே சர்க்யூட் பலகையில் ஒரு பாகத்தின் மெல்லிய கம்பிக்கால் ஒன்றும் விட்டுப்போயிருந்தன. மதியமே முதல் வரிசையில் இடம்பிடித்த எனக்கு அழுகை முட்டியது.

என் சித்தி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நாளெல்லாம் பற்றவைக்கும் கோலின் ஊசிமுனையால் மெல்லிய கால்களை மட்டும் ஒட்டுபவள். பக்கத்து வீட்டு மேரி அக்கா அதே கம்பெனியில் பட்டைமுனையால் தடித்த ஒயர்களை மட்டும். உலகில் வேறு முனையே கிடையாது என்று இருவருமே நம்பினார்கள். சித்தி ஊசிமுனையை எவ்வளவு நேரம் வைத்தாலும், சூட்டையெல்லாம் ஒயர் குடித்துவிட, ஈயம் உருகவே இல்லை.

"இன்னாடி, கொசுவுக்கு மூக்கு குத்துறியா?" என்ற மேரி அக்கா பட்டைமுனையால் ஒரே அழுத்தில் ஒயரை ஒட்டி, அதே வீராப்பில் பலகையிலும் கைவைக்க, அடுத்தடுத்த இரண்டு கால்கள் சேர்ந்தே ஒட்டிக்கொண்டன.

"நகருக்கா. நீ இன்னா, ரெண்டுத்துக்கும் கல்யாணம் பண்ணி வச்சிக்கினு கீற," என்று சித்தி ஊசிமுனையால் அவற்றைப் பிரித்தாள்.

டிவி உயிர்பெற்றது. திரையில் 'சுபம்' என்று வந்தது. தெருவே கைதட்டியது.

மறுநாள் பள்ளியில், சண்டைக் காட்சி உட்பட, முழுக்கதையையும் சொன்னவன் நான்தான்.