உங்களுக்கு என்ன பிரச்சனை?

ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தலை வலிக்கிறது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை விளையாட்டாகவே தொழில்முனைவோர் ஆக்க வேண்டும் என்று பள்ளியில் ஒரு வகுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பெயர் டிசைன் திங்கிங்.

முதல் ஆட்டம், பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்களுக்கு என்ன பிரச்சனை என்று கேட்டு வருவது. யாருக்காவது ஒரு பிரச்சனை இருந்தால்தானே அதற்கு ஒரு பொருளைக் கண்டுபிடித்து விற்க முடியும்? வெள்ளிக்கிழமை அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

இன்று காலை மம்சாபுரத்திலிருந்து ஓர் அம்மா, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"டீச்சர், தண்ணிக் கொழாய்ச் சண்டையில பக்கத்து வீட்டோட எங்களுக்குப் பேச்சுவார்த்தையே கெடையாது. இவ நேரா அவிய வாசல்ல போயி, 'ஒங்களுக்கு என்ன பிரச்சனை'ன்னு கேட்டுட்டு நிக்கா. நாந்தான் ஏவி விட்டேன்னு தெருவே பேசுது."

நம் ஊரில் அந்தக் கேள்வியை எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் சண்டைக்கு இழுப்பதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வகுப்புக்காக எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் யாரும் இதைச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"இனிமே இவள எங்கயும் அனுப்பாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அம்மா தலை மறைந்ததும் பிள்ளை என் பக்கத்தில் வந்தாள். "மிஸ், அந்த அத்தை பதில் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"எங்கம்மாதான் பிரச்சனையாம்."

அடுத்த ஆட்டம், கண்டுபிடித்த பிரச்சனைக்கு அட்டையும் பசையும் வைத்துத் தீர்வு செய்வது. யோசனை இருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.